மழைக்குத் திறந்த குழாய்கள்

காய்ந்துகொண்டிருக்கும் சாக்கடைக்கு ஒரு மேல்தோல் உண்டு. அடியில் ஈரம் அப்படியே இருக்க, வெயில் பட்ட மேற்பரப்பு மட்டும் பாலாடை போலச் சுருங்கி, கரும்பச்சையாக, ஓரங்களில் வெடித்து நிற்கும். ஒரு கல் விழுந்தால் போதும், உள்ளே அடைந்து கிடந்த நாற்றம் எழுந்து நேராகத் தொண்டைக்குள் இறங்கும். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் ஒரு மாசி மாதம், பொழிச்சலூரில் எங்கள் தெருவின் தாழ்ந்த முனையில் கிடந்த அந்தத் தோலைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போய்வந்தேன். அப்போது ஆறாம் வகுப்பு.

அந்த வருடம் பருவமே கெட்டுப்போயிருந்தது. பொங்கலுக்குப் பிறகு கொஞ்ச நாளாவது விடியற்காலையில் பனி இறங்கும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போகலாம் என்று காத்திருந்தால், தை பாதியிலேயே சித்திரை வெயில் அடித்தது. இரண்டு மூன்று நாள் அப்படிக் கொளுத்திவிட்டு, ஒரு மத்தியானம் விமான நிலையத்துப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வரும், காற்று மொட்டைமாடித் தகரங்களைத் தூக்கும், ஒரு பாட்டம் கொட்டித் தீர்க்கும், மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடியும் வெயில். வீட்டில் எந்தப் பொருளும் முழுதாகக் காயவில்லை. பள்ளிச் சீருடை பழைய சோற்று வாசனை அடித்தது. ஷூவுக்குள் சாம்பல் நிறத்தில் பூஞ்சை மயிர் மயிராக வளர்ந்தது. காலையில் அரைத்த மாவு மத்தியானத்துக்குள் பாத்திரத்தை விட்டுப் பொங்கி வழிந்தது. சாயங்காலம் விளக்கைப் போட்டால் ஈசல் வந்து சாம்பாரில் விழுந்து, இறகு தனியாக உடம்பு தனியாக மிதந்தது. பல்லாவரத்தில் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்த அம்மா, கொடியில் துணியைப் போடுவதும் எடுப்பதுமாகச் சலித்துப்போய், "இது மழையும் இல்ல, வெயிலும் இல்ல, சுத்தப் ‘பேஜார்’" என்பாள்.

அப்பா காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். எங்கள் தெருவிலேயே அவரைப்போல் சுத்தம் பார்ப்பவர் கிடையாது. வெளியிலிருந்து வந்தால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் ஒரு தம்ளரைத் தொட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்புவதற்கு முன் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நகம் வெட்டிவிடுவார், நகக்கண்ணில் கோடுபோல் அழுக்கு தெரிந்தால் "இதோடயா சாமி முன்னாடி நிப்ப?" என்று கேட்பார்.

தெருவின் தாழ்ந்த முனையில் கடைசி வீடு காதர் பாயுடையது. பம்மலில் மோட்டார்களுக்குக் ‘காயில்’ கட்டும் கடை வைத்திருந்தார். அவர் மகள் யாஸ்மின் என் வகுப்பு. ஹஸீனா ஆன்ட்டி செய்யும் நோன்புக் கஞ்சி வாளியோடு எங்கள் வீட்டுக்கு வரும். அம்மா செய்யும் கிறிஸ்துமஸ் முறுக்கு டப்பாவோடு அங்கே போகும். அப்படிப்பட்ட பழக்கம்.

எங்கள் பகுதியில் அப்போது பாதாளச் சாக்கடை இல்லை; ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செப்டிக் டேங்க். நிரம்பினால் லாரியைக் கூப்பிட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். ஆனால் பல வீடுகளில் டேங்கின் பக்கச்சுவரில் ஒரு ஓட்டை போட்டு, ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதன் வாயைச் சாக்குத் துணியால் அடைத்து வைத்திருந்தார்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை நாள்கணக்கில் பெய்து, தெருத்தண்ணீர் முழங்காலளவு ஓடி அடையாற்றில் போய் விழும்போது, அந்தத் துணியை உருவி விடுவார்கள். "மழை எல்லாத்தையும் இழுத்துட்டுப் போயிடும்" என்பது பெரியவர்கள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. அதன் முழு அர்த்தம் எனக்கு அந்த மாசியில்தான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து சாப்பிட்டு உட்கார்ந்திருந்தோம். வானம் இருட்டிக்கொண்டு வந்து, பேய்க்காற்றோடு மழை பிடித்தது. நான் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தேன். எதிர்வீட்டு ராஜாமணி சார், பேங்கில் அதிகாரி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையைத் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இடுக்கியபடி வீட்டின் பக்கவாட்டுக்குப் போய்க் குனிந்தார். அடுத்த வீட்டுக்காரரும் குடையோடு வந்தார். அதற்கு அடுத்த வீட்டிலும் ஒரு குடை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்புறம் எங்கள் கதவு திறந்தது. அப்பாவின் கறுப்புக் குடை படியிறங்கியது. இலை தழை அடைத்திருக்கும், எடுத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் டேங்க் பக்கம் குனிந்து எதையோ இழுத்தார். உள்ளே வந்து வெகுநேரம் கை கழுவினார்.

ஆனால் அது கார்த்திகை மழை இல்லை. துணிகளை உருவிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மேகம் கலைந்து, ஈரத் தெருவில் மஞ்சள் வெயில் விழுந்தது. ஓட வேண்டிய தண்ணீர் ஓடவில்லை. தெரு முழுவதும் வயிற்றில் வைத்திருந்தது அத்தனையும் சரிவில் மெல்ல நகர்ந்து, காதர் பாய் வீட்டு வாசலில் போய் நின்றது.

மறுநாள் விடிந்ததும் வெயில் ஏறிவிட்டது. அந்த நாற்றத்தை நான் இன்னும் எந்த வார்த்தையாலும் சரியாகச் சொன்னதில்லை. முட்டை அழுகியது மாதிரி, புளித்த மாதிரி, அதோடு ஏதோ இனிப்பு மாதிரியும். ஈக்கள் வாசல்களில் கருந்திட்டாக உட்கார்ந்திருந்தன. காலைச் சாப்பாட்டில் அப்பா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "என்ன ஜனங்களோ, படிச்சவன் படிக்காதவன் வித்தியாசமே இல்ல" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னொரு தோசை கேட்டார்.

அன்று முழுவதும், அதற்கு அடுத்த நாட்களிலும், தெருவில் எல்லோரும் ‘யாரோ’ என்ற ஒருவனைத் திட்டினார்கள். யாரோ திறந்து விட்டிருக்கிறான், யாருக்கோ மனசாட்சியே இல்லை. காதர் பாய் கடைக்குப் போகாமல், கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, மண்வெட்டியால் அந்தத் தோலைக் கிழித்து வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். ராஜாமணி சார் தன் கேட்டுக்குள் நின்றபடியே யோசனை சொன்னார். "லெஃப்ட்ல வெட்டுங்க பாய். ஸ்லோப் அந்தப் பக்கம்தான்."

"சரி சார்" என்றார் காதர் பாய், நிமிராமலே.

அவர்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வாசலில் தரைக்குக் கீழே இருந்தது; ‘சம்ப்’ என்போம். மூடியின் ஓரமாகக் கசிந்து உள்ளே போனதை அவர்கள் கவனிக்கவில்லை. அந்த வாரம் யாஸ்மினுக்கு வாந்தியும் பேதியும் கண்டு, நிற்கவே மாட்டாமல் போய், குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மாவோடு பார்க்கப் போனேன். கண்கள் உள்ளே போய், உதடு வெடித்து, யாஸ்மின் வயதான பெண் மாதிரிப் படுத்திருந்தாள். பஸ்ஸில் திரும்பும்போது அம்மாவிடம் கேட்டேன்.

"அப்பா அன்னைக்கு மழையில எதப் பிடிச்சு இழுத்தாரு?"

அம்மா பம்மல் தாண்டிய பிறகு, "நீ பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று சாயங்காலம் அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை, அம்மா எதிரே போய் நின்றாள். நான் உள்ளறையில் இருந்தேன். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. அப்பா மறுக்கவில்லை. "தெருவே தெறந்து விட்டுச்சு. நான் ஒருத்தன் அடைச்சு வெச்சிருந்தா அவங்க வாசல் சுத்தமா இருந்திருக்குமா?"

"நான் வாசலக் கேக்கல," என்றாள் அம்மா. "காலையில உக்காந்து ஜனங்களத் திட்டுனீங்களே, அதக் கேக்கறேன்."

மறுநாள் அவள் காதர் பாய் வீட்டுக்குப் போனாள். என்னையும் கூட்டிப்போனாள், ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. ஹஸீனா ஆன்ட்டி ஆஸ்பத்திரியில் இருந்தார். காதர் பாய் சம்ப்புக்குள் இறங்கி பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவர், தலையை மட்டும் வெளியே நீட்டினார். அம்மா சொன்னாள்: "அன்னைக்கு எங்க வீட்டுலயும் தெறந்து விட்டாங்க பாய்."

அவர் கையிலிருந்த பிரஷைத் தொட்டி விளிம்பில் வைத்தார். "எல்லா வூட்லயும்தான் டீச்சர். எனக்குத் தெரியும். நீங்க ஒருத்தர்தான் வந்து சொல்லிக்கினு நிக்கிறீங்க." பிறகு, "ஆஸ்பத்திரிக்கு சோறு அனுப்ப வேணாம்னு ஹஸீனா சொல்லச் சொன்னா. தப்பா நெனச்சுக்காதீங்க. அவளால முடியல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்து தேய்க்கத் தொடங்கினார்.

அந்த வார ஞாயிறு அப்பா என் விரலைப் பிடித்தபோது கையை இழுத்துக்கொண்டேன். "நானே வெட்டிக்கறேன்" என்றேன். அவர் நகவெட்டியை என் பக்கம் வைத்துவிட்டு எழுந்துபோனார். சர்ச்சிலிருந்து வந்ததும், உச்சி வெயிலில், ஒரு சட்டியில் சிமென்ட் குழைத்து, எங்கள் டேங்கின் ஓட்டையைத் தானே பூசி அடைத்தார். தெரு பார்த்தது. வேறு யாரும் அடைக்கவில்லை.

யாஸ்மின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், ஹஸீனா ஆன்ட்டி அவளைக் கோவளத்தில் தன் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். காதர் பாய் கடையிலேயே தங்கிக்கொண்டார்; வாசலில் பூட்டு தொங்கியது. மாசி முடிவதற்குள் இன்னொரு புயல்மழை வந்தது, முன்னதைவிடப் பலமாக. ராஜாமணி சார் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அப்பா குடைகூட எடுக்காமல் தெருவைத் தாண்டி ஓடினார். நான் வாசலுக்கு வந்தேன்.

"சார், அந்தப் பொண்ணு இப்பதான் ஆஸ்பத்திரியில இருந்து வந்திருக்கு" என்றார் அப்பா.

ராஜாமணி சார் நிதானமாக, கொஞ்சம் ஆச்சரியத்தோடுகூட, பதில் சொன்னார். "அவங்கதான் வீட்ல இல்லையே சார்."

சொல்லிவிட்டுக் குனிந்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு வீடாகக் குடைகள். எங்கள் டேங்கில் மட்டும் ஓட்டை அடைபட்டிருந்ததால் வெளியேற வழியில்லாமல் போனது, கக்கூஸ் வழியாக உள்ளே ஏறி, குளியலறையை நிறைத்து, கூடத்தின் விளிம்பு வரை வந்தது. அப்பா வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, அம்மாவைக் கிட்டே வரவிடாமல், வாளி வாளியாக அள்ளி, கொல்லையில் பள்ளம் தோண்டி ஊற்றினார். நடுவில் இரண்டு முறை வாந்தி எடுத்தார். எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். அருவருப்புதான் வந்தது, அவர்மேல், எதிர்வீட்டுமேல், எங்கள் கூடத்தில் நின்ற அந்தத் தண்ணீரின்மேல், எல்லாம் ஒன்றாகக் கலந்து. மறுநாள் வழக்கம்போல வெயில்.

கோடை விடுமுறையில் கோவளம் போய் யாஸ்மினைப் பார்த்தோம். மீன் ஏலம் போடும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. ஹஸீனா ஆன்ட்டி டீ கொடுத்தார். முகத்தில் கோபமில்லை, நெருக்கமும் இல்லை. தேறியிருந்தாள் யாஸ்மின், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். நாங்கள் கிளம்பும்போது, "இன்னும் நாறுதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவர்கள் திரும்பி வரவில்லை. அந்த வீட்டை விற்றுவிட்டார்கள்.

போன வருடம், ராஜாமணி சார் தன் பழைய வீட்டை இடித்து மகன்கள் கட்டிய அடுக்குமாடிக்குப் புதுமனை புகுவிழா வைத்தார். நாங்கள் தாம்பரம் பக்கம் குடிபெயர்ந்து வெகுகாலமாகிவிட்டாலும் அப்பாவையும் என்னையும் மறக்காமல் கூப்பிட்டிருந்தார். போய்ப் பார்த்தால் தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு சுவரும் இல்லை. சரிவு இல்லை, மேலே மேலே சிமென்ட் போட்டு மேடாக்கிவிட்டார்கள். டேங்குகள் இல்லை, குழாய்கள் இல்லை. காதர் பாயின் வீடு இருந்த இடத்தில் வண்டி கழுவும் கடை. மாசியில் பனி என்று ஒன்று இருந்ததாகச் சொன்னால் அங்கே ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

பந்தியில் ராஜாமணி சார் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இந்தக் காலத்து ஃபிளாட் ஜனங்கள் குப்பையை எப்படிப் போடுகிறார்கள் என்று மகன் வயதுக்காரர்கள் நாலைந்து பேரிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தவர், அப்பாவைச் சாட்சிக்கு இழுத்தார். "நம்ம காலத்துல தெரு எவ்வளவு சுத்தமா இருந்துச்சு, சொல்லுங்க சார்."

அப்பா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாறிச்சு சார்" என்றார். "நாமதான் தெறந்து விட்டோம். காதர் பாய் பொண்ணு சாகக் கெடந்துச்சு."

பரிமாறிக்கொண்டிருந்தவன்கூட ஒரு கணம் கரண்டியோடு நின்றான். ராஜாமணி சார் காதர் பாய் யார் என்று யோசிப்பவர்போல் நெற்றியைச் சுருக்கினார், பிறகு மோர்த் தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: "இப்பல்லாம் மாசியிலயே என்ன வெயில் அடிக்குது, பாத்தீங்களா?"

சுற்றியிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.