துளைக்குள் இழுபட்ட கூந்தல்

என் முதுகுவலிக்கு நல்லது என்று, பருத்தித்துறையில் மூடப்பட்ட விடுதியொன்றிலிருந்து பழைய வெந்நீர்த் தொட்டியொன்றை என் கணவர் வாங்கி வந்தார். வெடிப்புகளை அடைத்து, கிணற்றடியில் வைத்து, புது மோட்டரும் பூட்டினார். தண்ணீரை உறிஞ்சும் துளைக்கு மட்டும் மூடி கிடைக்கவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

"உந்த ஓட்டையாலை என்னப்பா வரப்போகுது? பிறகு போடுவம்," என்றார்.

நான் தொட்டியில் இறங்கிச் சாய்ந்ததும், அவர் வீட்டுக்குள் போய்ச் சுவிட்சைப் போட்டார். அவிழ்ந்திருந்த என் கூந்தல் அந்தத் துளைக்குள் இழுபட்டது. தலை பின்னால் போய், தண்ணீர் வாய்வரை வந்துவிட்டது. கத்தினேன், மோட்டர் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

முற்றத்தில் உடுப்புக் காயப்போட்ட அவருடைய தங்கைதான் கண்டாள். "அண்ணை, மோட்டரை நிப்பாட்டுங்கோ! அண்ணி தாழுறா!" என்று கத்தியபடி ஓடிவந்து, என் நாடியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். அவள் குரல் கேட்டு அவர் மோட்டரை நிறுத்திய பிறகும் முடி சிக்கியே கிடந்தது. பாதிக் கூந்தலை வெட்டித்தான் என்னை வெளியே எடுத்தார்கள்.

மூடி வாங்கித் திருகாணியால் இறுக்கும்வரை தொட்டி காய்ந்தே கிடந்தது. இப்போது கூந்தலை உச்சியில் முடிந்து, மூடியை அசைத்துப் பார்த்த பிறகுதான் இறங்குகிறேன். சுவிட்சடியில் ஒருவர் நிற்பார். நான் பார்த்த மூடியை என் கணவரும் ஒருமுறை அசைத்துப் பார்க்கிறார், நான் தடுப்பதில்லை.