நான்காவது தலை

வாசலில் நின்று ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணித்தான் ரொசாந்தா டீச்சர் பிள்ளைகளை உள்ளே விடுவார். மொத்தம் நாலே தலைகள். ஆனாலும் இரண்டு முறை எண்ணுவார். பள்ளிக்கு ரொட்டி கொண்டுவரும் ஆளான நான் கூடையோடு பின்னால் நிற்க, என் தலையையும் ஒருநாள் தொட்டுவிட்டு, "உன்னையும் சேத்துக்கலாம்ப்பா, ஆனா உனக்கு வாய்ப்பாடு ஏறாதே" என்றார்.

எங்கள் செர்பிய மலையில் நாலு பிள்ளைகள் இருந்தால் பள்ளி; மூன்றானால் பூட்டு. வனக்காவலரின் இரட்டையர்கள் வூகானும் ரெல்யாவும், கூடை பின்னும் ரோமா என்ற நாடோடி இனக் குடும்பத்துச் செவ்தா, அப்புறம் ஒரு பையன். அந்தப் பையன் இலையுதிர்காலத்தில் பெற்றோருடன் வியன்னாவுக்குப் போய்விட்டான். பள்ளியை மூடவிருந்த வாரத்தில், மேட்டுக் குடியிருப்பிலிருந்து ஸ்தமேனா என்ற சிறுமி தனியாக இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். டீச்சர் ஒன்றும் கேட்காமல் பெயரை எழுதிக்கொண்டார். தாய்மொழி, மதம், தகப்பன் தொழில் என்ற கட்டங்கள் காலியாகவே கிடந்தன.

நான் கொடுக்கும் ரொட்டியை ஸ்தமேனா மடியில் வைத்துக்கொள்வாள், தின்று பார்த்ததில்லை. செவ்தா மட்டும் அவள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றாள்.

"அவ மேல வாசனையே இல்ல, டீச்சர்."

பிப்ரவரியில் ஆய்வாளர் வருவதாகக் கடிதம் வந்தது. பெற்றோர் கையெழுத்துக்காக டீச்சரும் நானும் மேட்டுக்கு ஏறினோம். அவள் சொன்ன வீட்டுக்குக் கூரையில்லை. அடுப்படியில் தொடைப் பருமனுக்கு ஒரு அக்ரூட் மரம் வளர்ந்திருந்தது. முந்தின இரவு பெய்த பனியில் சின்னக் காலடிகள் வாசற்படியில் தொடங்கிக் கீழே இறங்கின. வீட்டுக்குள் கிடந்த பனி கலையவே இல்லை.

டீச்சர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் ஆய்வாளர் எண்ணினார், நாலு. அப்பா எங்கே என்று ஸ்தமேனாவைக் கேட்டார்.

"கீழ இருக்காரு."

"கீழன்னா, டவுன்லயா?"

"இல்ல. எல்லாரும் கீழதான். எனக்குத்தான் அங்க குளிருது."

ஆய்வாளர் பேனாவை மேசைமேல் வைத்தார். பிறகு, முகவரி இல்லாத பிள்ளையைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று டீச்சரிடம் மெதுவாகச் சொன்னார்.

டீச்சர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். முகவரிக் கட்டத்தில் தான் தனியாக வாழும் வீட்டின் எண்ணை எழுதினார். ஸ்தமேனாவிடமிருந்து கண்ணெடுக்காமல், மை காய ஊதினார்.