பங்களாவுக்கு மூட்டிய அடுப்பு

எங்கள் ஊரில் மழைக்காலத்தில் புகை வராத வீட்டை யாரும் வீடாக மதிப்பதில்லை. பட்டா இருக்கலாம், கரண்டு இருக்கலாம், வாசலில் பெயர்ப்பலகைகூட இருக்கலாம். ஆனால் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை மூன்று அமாவாசையிலும் காலையில் அந்த வீட்டு அடுப்பு எரிந்து புகை மேலே வந்தால்தான் அது ஊர் வீடு. நாட்டாமை களத்துப் பாறைமேல் ஏறி நின்று எண்ணிக்கொள்வார். ஊர் வீடு ஒவ்வொன்றுக்கும் ஊர்க்கூட்டத்தில் ஒரு பேச்சு, அதாவது ஒரு ஓட்டு, உண்டு. ஜவ்வாது மலையில் வெயில் காலத்தில் யார் வேண்டுமானாலும் இருந்துவிடலாம். பல் கிட்டித்துப்போகும் மழையிலும் இருப்பவனுக்குத்தான் ஊரைப் பற்றிப் பேச வாய் உண்டு என்று எந்தக் காலத்திலோ முடிவு செய்திருக்கிறார்கள்.

அப்படி முடிவு செய்தவர்களே அதில் ஒரு சந்தும் விட்டு வைத்திருந்தார்கள். கேரளா எஸ்டேட்டுக்கு மிளகு பறிக்கப் போகிறவர்கள் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அமாவாசைக் காலையில் போய் அடுப்பை மூட்டிவிட்டு வந்தால் வீடு கணக்கில் நிற்கும். என் சித்தப்பா வீட்டுக்கு அம்மாதான் மூட்டுவாள். நானும் கூடவே போவேன். வெறும் புகையைக் காட்டினால் சாமிக்கு ஆகாது என்று ஒரு சொம்புத் தண்ணீரையாவது கொதிக்க வைப்பாள். அந்த வெந்நீரில் என் முகத்தைக் கழுவிவிடுவாள். ஊருக்கு உண்மையாக இருப்பதற்கு அவ்வளவு போதும் என்று நானும் நம்பினேன்.

ஊருக்கு மேலே மேட்டில் ஆறு பங்களாக்கள் இருந்தன. சித்திரை பிறந்ததும் வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார்கள் ஏறி வரும். பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் ஒரே வாரத்தில் எல்லாம் இறங்கிப் போய்விடும். நாங்கள் அவர்களை சீசன்காரங்க என்போம். முதல் பங்களாவுக்கு என் மாமாதான் வாட்ச்மேன். மாமா காவல் காத்த லட்சணத்துக்கு யாராவது பங்களாவையே பெயர்த்துக்கொண்டு போயிருந்தாலும் அவருக்குச் சாயங்காலம் எழுந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

அந்தப் பங்களா சாரின் மகள் ரம்யா. என் வயதுதான். அவள் எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். நான் அவளுக்குப் பலாப்பழம் உரிக்கக் கற்றுக்கொடுத்தேன். எண்ணெய் தடவிக்கொள்ள மறந்து, இரண்டு கையும் பிசினில் ஒட்டிக்கொண்டு அவள் நின்ற நிற்பை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. வருஷத்தில் ஒன்றரை மாதம் அவள் இருப்பாள். மீதி மாதமெல்லாம் நான் அவளுக்காகக் காத்துக்கொண்டிருப்பேன். முள்ளம்பன்றி முள், குன்றிமணி, நிறமாறிய கல் என்று பார்த்ததையெல்லாம் அவளுக்காக எடுத்து வைப்பேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு வேறு தோழிகள் இல்லாமல் இல்லை. ஆனால் மேட்டுப் பாதையில் கார் சத்தம் கேட்டால் வேறு யாருக்கும் என் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதில்லை.

நான் ஐந்தாவது முடித்த வருஷம் ஊருக்கு ஒரு தார் ரோடு வரப்போவதாகப் பேச்சு வந்தது. ஒன்றே ஒன்றுதான். ஓடையைத் தாண்டி எங்கள் பக்கத்து வீடுகளுக்குப் போடுவதா, மேட்டுக்குப் போடுவதா என்று ஊர் இரண்டாக நின்றது. ஓடையில் தண்ணீர் வந்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது. யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்க வேண்டும். பாலத்தோடு ரோடு வேண்டும் என்று அப்பா வீடு வீடாகப் போய்ப் பேசினார். மேட்டுப் பக்கத்தில் இருந்தவர்களுக்கோ பங்களாக்களில்தான் வேலை. மே மாதம் முதல் தேதி கிராம சபை நடக்கும். ஆனால் எதுவாக இருந்தாலும் அதற்கு முதல் நாளே களத்தில் கூடி முடிவு செய்துவிடுவார்கள். மறுநாள் அதிகாரிகள் முன்னால் கையெழுத்து மட்டும் போடுவார்கள்.

அந்த வருஷக் கூட்டத்துக்குப் பங்களா சாரும் வந்தார். ரோடு பற்றிப் பேச எழுந்தார். நாட்டாமை மரியாதையாகக் கையைக் கூப்பினார்.

"சார் தப்பா நெனச்சிக்காதீங்க. மழையில ஒங்க வூட்ல பொக வர்லீங்களே."

"எங்க வீட்ல காஸ் அடுப்புங்க. வருஷம் பூரா எரிச்சாலும் புகை வராது."

களமே சிரித்தது. சாரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஆனால் காது மடல் சிவந்துபோயிருந்தது. பணம் அடுத்த வருஷம்தான் வரும் என்று தெரிந்ததால் முடிவையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்துக் கலைந்தார்கள்.

அந்த மாதக் கடைசியில் கார் கிளம்பும்போது ரம்யா என்னைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னாள்.

"எங்கப்பா இன்னா சொல்றாரு தெரியுமா? ஊர்ல நம்மள ஒரு ஆளாவே மதிக்கல, இந்த வூட்ட இன்னாத்துக்கு வெச்சிருக்கணும்னு அம்மாகிட்ட சொன்னாரு. அடுத்த வருஷம் வருவமோ இன்னாவோ."

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஊர் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாததால்தான் அவள் வராமல் போகப்போகிறாள். ஊர் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்றால் புகை வர வேண்டும். எஸ்டேட்டுக்குப் போன சித்தப்பாவுக்கு அம்மா மூட்டலாம் என்றால் வேலூருக்குப் போன ரம்யாவுக்கு நான் ஏன் மூட்டக்கூடாது? என் மூளைக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

பங்களாவின் பின்புறம் வெந்நீர் போட ஒரு விறகடுப்பு இருந்தது. அந்த அறைக்குத் தாழ்ப்பாள் மட்டும்தான், பூட்டு கிடையாது. புரட்டாசி அமாவாசை அன்று பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் மேட்டுக்கு ஓடினேன். விறகெல்லாம் நனைந்து கிடந்தது. ஊதி ஊதிக் கண் இரண்டும் கோவைப்பழமாகிவிட்டது. நோட்டிலிருந்து கணக்குப் பாடத்தைக் கிழித்துப் போட்ட பிறகுதான் பற்றிக்கொண்டது. தகரக் குழாய் வழியாகப் புகை எழுந்து தேக்குமரத்துக்கு மேலே போனது. மறக்காமல் ஒரு சொம்புத் தண்ணீரையும் கொதிக்க வைத்தேன். கணக்கைக் காட்ட முடியாமல் அன்று பள்ளிக்கூடத்தில் மத்தியானம் வரை நின்றுகொண்டே இருந்தேன்.

ஐப்பசி அமாவாசைக்குப் போனபோது அடுப்புக்குப் பக்கத்தில் காய்ந்த விறகு அடுக்கியிருந்தது. மேலே கோணிப்பை மூடியிருந்தது. ஒரு தீப்பெட்டியும் இருந்தது. நம் மாமாவுக்கு இவ்வளவு பொறுப்பா என்று ஆச்சரியப்பட்டேனே தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. கார்த்திகை அமாவாசை அன்று ஓடையில் வெள்ளம். பள்ளிக்கூடம் போக வழியில்லை. கரையில் நின்று அப்பா யார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். பங்களா எங்கள் கரையில்தான் இருந்தது, கார்கள்தான் மலையைச் சுற்றிப் பல மைல் வந்து மேடு ஏறும்; அதனால் எனக்கு அது வசதியாகப் போயிற்று. அவசரமில்லாமல் மூட்டினேன்.

மறுவருஷம் சித்திரையில் கார் வந்தது. ரம்யா ஒரு சாண் வளர்ந்திருந்தாள். அடுப்பு விஷயத்தை உடனே சொல்லிவிடத் துடித்தேன். ஆனாலும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கூட்டத்தில் ஊரே சொல்லட்டும் என்று இருந்தேன்.

கூட்டத்தில் ஓடைப் பக்கத்துக்குப் பதினோரு வீடு, மேட்டுக்குப் பதினோரு வீடு என்று நின்றது. நாட்டாமை தொண்டையைச் செருமினார்.

"இன்னும் ஒரு வூடு கீது. மேட்ல மொத பங்களா. மூணு அமாவாசையும் பொக வந்துது. இந்தக் கண்ணால பாத்தன்."

அப்பா துள்ளி எழுந்தார். "எவன் மூட்னான்?"

"எவன் மூட்னா இன்னாப்பா? ஒன் தம்பி வூட்டுக்கு எவன் மூட்றான்?"

அப்பா உட்கார்ந்துவிட்டார். மாமா புளியமரத்தில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். பங்களா சார் எழுந்து எல்லாரையும் கும்பிட்டார். மேட்டுக்கு ரோடு வரட்டும் என்றார். அந்த ஒரு பேச்சில் முடிந்துபோயிற்று.

அன்று அப்பா சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவருடைய மகளுக்கோ கால் தரையில் பாவவில்லை. பாவிப்பெண் என்று இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன். ஓடைக்குப் பாலம் வர அதற்கப்புறம் நான்கு வருஷம் ஆயிற்று. அந்த நான்கு மழைக்காலமும் அப்பா என்னைத் தோளில் தூக்கித் தண்ணீரைக் கடந்து விட்டார். வளர்ந்த பெண்ணைத் தூக்குவது எளிதில்லை, மூச்சு வாங்கும். ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. அடுப்பு மூட்டியது யார் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை.

மேட்டுக்கு ரோடு வந்தது. அடுத்த சித்திரையில் கார் வரவில்லை. பங்களா கைமாறிவிட்டது என்றார்கள். வாங்கியவர்கள் அதை நாள் வாடகைக்கு விடும் இடமாக்கினார்கள். ரம்யா குடும்பம் பெங்களூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அதற்கு மேல் தெரியவில்லை. நான் இப்போது வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். மே மாதம் பத்து நாள் லீவு போட்டு மலைக்குப் போகிறேன். மேட்டில் கார் ஏறும் சத்தம் கேட்டால் இந்த வயதிலும் எட்டிப் பார்க்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பார்க்கிறேன்.

போன வருஷம் மாமாவிடம் பேச்சுவாக்கில் அந்த அடுப்பைப் பற்றிச் சொன்னேன். என்னவோ பெரிய ரகசியத்தைச் சொல்வதாக எனக்கு நினைப்பு. மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட பைத்தியமே, மழையில வெறகு தானா காஞ்சி, தானா வந்து அடுக்கிக்கிச்சா? சார் வூட்ட விக்கணும்னு அந்த வருஷமே சொல்ட்டு போனாரு. ரோடு இல்லாத வூட்ட எவன் வாங்குவான்? ரோடு வந்தா வித்துட்லாம், ஒனக்கும் ஒரு வழி பண்றன்னாரு. நீ போயி பத்த வெச்சினு நின்ன. நல்லதாப் போச்சின்னு நானும் வாய மூடிக்கினேன்."

நான் அவரோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அந்தக் கூட்டத்தன்று சாயங்காலம் ரம்யா நின்ற கோலம்தான் கண்முன் வந்தது.

களத்திலிருந்து நேராக மேட்டுக்கு ஓடியிருந்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே சார் யாரிடமோ போனில் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"ரோடு நம்ம பக்கம்தான்!" என்றேன் மூச்சிரைக்க. "அடுப்பு மூட்னது யார் தெரியுமா? நான்தான். ஒனக்காகத்தான். இனிமே நீங்களும் ஊர்க்காரங்க. வருஷா வருஷம் வரலாம்."

"நீயா?" என்றாள். என் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் உதடு கோண, தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். பாவம், சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு என்று நினைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை நான் சிரித்த முகமாய் நின்றுகொண்டிருந்தேன்.