அப்பா கொடுத்தனுப்பிய கார்டு

போன வருடம் ஆவணி மாதம், பெங்களூர் ஏர்போர்ட்டில் நடந்தது இது. அதற்கு முன்னால் நான் ஏர்போர்ட் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் பூவைக் கட்டாகக் கட்டி அட்டைப்பெட்டியில் அடுக்குவது என் வேலை. நாங்கள் அடுக்குகிற பூ வாரத்தில் மூன்று நாள் விமானம் ஏறிப் போகும். அடுக்குகிற எனக்கு விமானம் நிற்கிற ஊருக்கு எந்த பஸ் போகும் என்றுகூடத் தெரியாது.

அன்றைக்கு விமானம் ஏறியது என் மகள். ஓசூருக்குப் பக்கத்தில் போன் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தாள். எட்டுப் பெண்களைப் பொறுக்கி எடுத்து, ஒரு வருடப் பயிற்சிக்குத் தைவானுக்கு அனுப்பினார்கள். அதில் இவளும் ஒருத்தி. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வீட்டுக்காரருக்கோ அது வேறு மாதிரி ஆகிவிட்டது. கல்லாவிப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்து, அவர் பாதி வார்த்தை கொடுத்திருந்தார். மகள் ‘போய்விட்டு வந்துதான் கல்யாணம்’ என்று சொல்லிவிட்டாள். அன்று மூடிய வாயை அவளிடம் அவர் மூன்று மாதம் திறக்கவில்லை. ஒரே கூடத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். “அவளச் சாப்புடச் சொல்லு” என்று என்னிடம் சொல்வார். “எனக்குப் பசிக்கலன்னு சொல்லு” என்று அவளும் என்னிடமே சொல்வாள். நடுவில் நான் தபால்காரி.

கிளம்புகிற அன்று விடிவதற்கு முன்பே தக்காளித் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகிறேன் என்று போய்விட்டார். மகள் வாசலில் கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. தூரப் பயணம் போகிற பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப மாட்டோம். பெற்றவர்கள் கையால் பணம் கொடுத்து, மேலே ஒரு ரூபாய் சேர்த்து வைத்து அனுப்பினால்தான் போகிற இடத்தில் நல்லது நடக்கும், நல்லபடியாகத் திரும்பி வருவார்கள் என்பார்கள். அம்மா பங்கை நான் வீட்டிலேயே கொடுத்துவிட்டேன். அப்பா பங்கு இல்லாமல் அவள் போகிறாளே என்பதுதான் என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஏர்போர்ட் போகிற பஸ்ஸில் மகள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், என் வீட்டுக்காரர் மொபெட்டைச் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடி வருகிறார். காலெல்லாம் சேறு. பஸ்ஸைப் பார்க்கவே இல்லை. என் கையில் தன் ஏ.டி.எம். கார்டையும் மடித்த சீட்டு ஒன்றையும் திணித்தார்.

“பேரிகை மிசின்ல பணம் இல்ல. அங்க போயி அஞ்சாயிரம் எடுத்து அவ கையில குடு. நம்பரு இதுல எழுதியிருக்குறேன். நான் குடுத்தேன்னு சொல்லாத.”

“சொல்லாம குடுத்தா அது எப்பிடிங்க உங்க பணம் ஆவும்?” என்றேன். அதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.

ஏர்போர்ட்டில் இறங்கும்போது மணி பன்னிரண்டேகால். கம்பெனி ஆள் ஒருவர் எட்டுப் பேரையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு சரியாக ஒரு மணிக்கு உள்ளே போவதாகச் சொன்னார். டிக்கெட் இல்லாதவர்கள் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும். ஒரு முறை உள்ளே போனவள் வெளியே வரமாட்டாள். எனக்கு இருந்தது முக்கால் மணி நேரம். பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஏ.டி.எம். கண்டுபிடிப்பது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். அங்கே திரும்பின பக்கமெல்லாம் மிஷின். கார்டு செருகுகிற மாதிரி ஓட்டை இருந்த ஒன்றைப் பார்த்துப் பாய்ந்து போய்ச் செருகினேன். உள்ளே போகவே இல்லை. பின்னால் நின்ற ஒருவர், அது வண்டி நிறுத்துவதற்குக் காசு கட்டுகிற மிஷின் என்றார். அடுத்து ஒரு கண்ணாடிக் கூண்டில் நோட்டுப் படம் போட்டிருக்கவே அங்கே ஓடினேன். அது வெளிநாட்டுப் பணம் மாற்றுகிற இடமாம். அங்கே இருந்த பெண்தான் கீழ்த்தளத்துக்குப் போகச் சொன்னாள். விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் வெளியே வருகிற வாசலுக்கு எதிரே ஏ.டி.எம். இருக்கிறது என்று கை காட்டினாள். நகரும் படியில் ஏறப் பயந்து சுற்றிக்கொண்டு நடந்தே இறங்கினேன். போய்ச் சேரும்போது பன்னிரண்டு நாற்பது.

மிஷின் முன்னால் நின்றால், ஒன்றும் புரியவில்லை. இங்கிலீஷ், இந்தி, கன்னடம். தமிழ் இல்லை. எங்கள் பக்கத்தில் கன்னடமும் தெலுங்கும் தண்ணீர் மாதிரி பேசுவோம். ஆனால் எழுத்து என்று வந்தால் எனக்குத் தமிழ் ஒன்றுதான். அதிலும் ஏ.டி.எம்.மில் நானாகப் பணம் எடுத்ததே கிடையாது. நாங்கள் பூ அடுக்குகிற ஷெட்டில் சம்பள நாளில் ஒருத்தி பத்துப் பேர் கார்டையும் வாங்கிக்கொண்டு போய் எல்லோருக்கும் எடுத்து வருவாள். அத்தனை பேர் நம்பரும் அவளுக்கு மனப்பாடம். அதில் தப்பு இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

பக்கத்துக் கம்பியருகே ஒருவர் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். டிரைவர் போடுகிற வெள்ளைச் சட்டை. யாரோ ஒருவர் பேரை இங்கிலீஷில் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்டையும் சீட்டையும் சேர்த்து அவரிடம் நீட்டினேன்.

“சார், இதுல அஞ்சாயிரம் எடுத்துக் குடுங்க. நம்பரு இதுல இருக்குது.”

சுட்டுக்கொண்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். “பேடம்மா, பேடா. நம்பர் யார்கூ தோரிஸ்பேடி” என்றார். வேண்டாம், நம்பரை யாரிடமும் காட்டாதீர்கள் என்கிறார்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். நேரமோ ஓடுகிறது. “ஒரு கை ஒத்தாசை கேட்டா இப்பிடிப் பின்னால போறீங்களே! உங்க பணத்தையா கேட்டேன்? பெரிய ஊருக்காரங்களுக்கு மனசே கெடையாதா?” என்று சத்தமாகக் கத்திவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? அவர் முகம் சுருங்கிப் போனது. ஆனாலும் அங்கிருந்து நகரவில்லை. வாசலை ஒரு முறை பார்த்தார். பிறகு என்னோடு மிஷினுக்கு வந்தார்.

“நீவே எடுங்கம்மா. நான் சொல்றேன்” என்றார் கன்னடம் கலந்த தமிழில். கார்டை எந்தப் பக்கமாகச் செருகுவது என்று காட்டினார். எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தொட்டது எல்லாம் நான்தான், அவர் விரல் மிஷின் மேல் படவே இல்லை. நம்பர் போடச் சொல்லி மிஷின் கேட்டதும் சட்டென்று திரும்பி எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். பின்னால் வரிசையில் ஆள் சேர்ந்திருந்தது. அவர்கள் கண்ணில் படாமல் இருக்க, கையிலிருந்த பெயர் அட்டையை என் தோளோரமாகத் திரை மாதிரிப் பிடித்துக்கொண்டார்.

சீட்டைப் பிரித்தேன். வியர்வையில் நனைந்திருந்தது. கடைசி எண் ஒன்றா, ஏழா? என் வீட்டுக்காரர் எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான். ஒன்று என்று போட்டேன். தப்பு என்று கார்டைத் துப்பிவிட்டது. “வீட்டுக்காரரு எழுதுனது, ஒண்ணா ஏழான்னு தெரியலீங்களே” என்று புலம்பினேன்.

“கேளுங்க, அவருக்குப் போன் போட்டுக் கேளுங்க. மூணு தடவை தப்பானா லாக் ஆகிடும்” என்றார், திரும்பாமலே.

போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார் என் வீட்டுக்காரர்.

“உள்ள போயிட்டாளா?”

“இன்னும் இல்லீங்க. கடசி நம்பரு ஒண்ணா, ஏழா?”

“ஏழு.”

அவர் குரலுக்குப் பின்னால் “ராயக்கோட்டை, ராயக்கோட்டை” என்று யாரோ பஸ்ஸுக்கு ஆள் கூவுவது கேட்டது. “நீங்க எங்க இருக்குறீங்க?” என்றேன். போனை வைத்துவிட்டார். காலையில் நாங்கள் பஸ் ஏறிய இடத்திலேயே அந்த மனுஷன் சேற்றுக் காலோடு நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

மறுபடி முதலிலிருந்து தொட்டு, ஏழு போட்டேன். மிஷின் உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டுப் பணம் வந்தது. மகள் விமானம் ஏறுகிறாள், அவள் அப்பா கொடுத்தனுப்பியது, கையில் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று உளறிக்கொட்டினேன். அவர் சட்டைப் பையைத் துழாவி ஒரு ரூபாய்க் காசு ஒன்றை எடுத்து நோட்டுகளின் மேல் வைத்தார்.

“நம்ம மனேலூ ஹீகே அம்மா. சும்மா அஞ்சாயிரமா குடுக்கக் கூடாது” என்றார். அவர்கள் வீட்டிலும் இதே வழக்கமாம்.

நன்றிகூடச் சொல்லாமல் ஓடினேன். அந்தச் சீட்டிலேயே பணத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினேன் என்பது பிறகுதான் தெரிந்தது. எட்டுப் பெண்களும் வரிசையில் நின்றுவிட்டார்கள். மகளுக்கு முன்னால் இரண்டே பேர். கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து நான் கத்திய கத்தலில் காவலுக்கு நின்றவரே அவளை என்னிடம் அனுப்பிவிட்டார். கையில் வைத்து, “பத்தரமா வெச்சிக்க” என்றேன்.

“காலையிலதான குடுத்த? இது என்னாத்துக்கும்மா?”

“எங்கிட்டதான் இருந்துச்சு. வெச்சிக்க.”

அவள் நோட்டைப் பார்க்கவில்லை. சுற்றியிருந்த சீட்டைப் பார்த்தாள். ஒன்று மாதிரி இருந்த அந்த ஏழாம் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ம்மா, இது அப்பா எழுத்து.”

அதற்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. போனைப் போட்டு அவள் காதில் வைத்தேன். அங்கே அவர் நான்தான் என்று நினைத்துக்கொண்டு, “உள்ள போயிட்டாளா?” என்று கேட்பது எனக்கே கேட்டது.

“இல்லப்பா. நான்தான்.”

பின்னால் ராயக்கோட்டை பஸ்காரன் கூவிக்கொண்டிருந்தான். மூன்று மாதமாக ‘அவ’, ‘இவ’ என்று இருந்த வாய், “பாப்பா” என்றது.

“பாப்பா, ஜன்னலோரமா சீட்டு கேட்டு உக்காரு. நடுவுல உக்காந்தா உனக்குக் கொமட்டும்.”

“சரிப்பா” என்றாள். விமானத்தையும் ராயக்கோட்டை பஸ்ஸையும் ஒன்றாக நினைத்த அந்த மனிதரை எண்ணி அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அதுவரை அவள் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அவள் தலை மறைந்ததும்தான் எனக்குக் கீழே நின்றவர் ஞாபகம் வந்தது. திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று இறங்கிப் போனேன். அவர் அதே கம்பியருகே நின்றிருந்தார். எதிரில் கோட்டு போட்ட ஒருவர் அவரை இங்கிலீஷில் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் திட்டு எந்த பாஷையில் இருந்தாலும் புரியும். கோட்டுக்காரர் அட்டையைக் காட்டுகிறார், வாசலைக் காட்டுகிறார், கடிகாரத்தைக் காட்டுகிறார். கோட்டுக்காரர் வெளியே வந்த நேரத்தில் அவர் பேர் எழுதிய அட்டை எனக்குத் திரையாக இருந்திருக்கிறது. பேரைக் காணாமல் அலைந்திருக்கிறார்.

தப்பு என்னுடையது என்று போய்ச் சொல்லக் கால் எடுத்து வைத்தேன். அந்த வெள்ளைச் சட்டைக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். தலை குனிந்தபடியே, கையை மட்டும் இடுப்புக்குக் கீழே லேசாக அசைத்தார். போங்கம்மா, வராதீங்க என்று அர்த்தம். பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு கோட்டுக்காரர் பின்னால் போய்விட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், என் வீட்டுக்காரர் அங்கேயே இருக்கிறார். சேறு காலில் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. டீக்கடையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியதையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டு, “அந்த ஆளு பேரு என்னா?” என்றார். கேட்கவில்லை என்றேன்.

“நல்லா கேட்ட போ. பேரு கேக்காமயா வருவாங்க?” என்று கோபித்துக்கொண்டவர், வெகு நேரம் டீயைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

மகள் நல்லபடியாக இருக்கிறாள், வாரம் தவறாமல் அப்பாவுக்குத்தான் முதலில் போன் போடுகிறாள். தினமும் விளக்கு ஏற்றும்போது அவள் பேரைச் சொல்லி வேண்டிக்கொண்ட பிறகு, நான் அநியாயமாகத் திட்டியும் எனக்காகத் திட்டு வாங்கிய அந்த மனிதருக்கும் வேண்டிக்கொள்கிறேன். பேர் தெரியாததால் ‘ஏர்போர்ட்டில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர்’ என்று மட்டும் சொல்கிறேன், சாமிக்கு ஆள் தெரிந்திருக்கும்.