அப்பாவுக்குக் கிடைத்த பூச்சியம்

கொள்ளுப்பிட்டியைத் தாண்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். யாரும் துரத்தி வரவில்லை. எனக்குப் பதின்மூன்று வயது. கொழும்பு ஆஸ்பத்திரி வார்டிலிருந்து நழுவி, வீடு இருந்த கொட்டாஞ்சேனைக்கு எதிர்த்திசையில், காலி வீதி வழியே வெள்ளவத்தையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் இல்லை. திட்டம் அவ்வளவுதான்.

அப்பா லொறியில் மூட்டை ஏற்றுகிறவர். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஒப்பரேஷன் முடிந்திருந்தது. மூன்றாம் நாள் அவர் பேச்சு தடம் மாறியது. அம்மா குவைத்தில் வீட்டு வேலையில் இருந்ததால், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான்தான் பக்கத்தில் இருந்தேன். அப்பாவுக்குத் தெரிந்த சிங்களமும் அந்தக் குழப்பத்தில் போய்விட்டது. தாதிக்குத் தமிழ் வராது. நடுவில் மொழிபெயர்க்க நான்.

தாதி காலையும் மாலையும் ஒரு தாளோடு வருவார். இது எந்த இடம், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பார். டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வார். எல்லாம் சரியென்றால் பூச்சியம். குழப்பம் கூடக் கூட எண் கூடும். பக்கத்துக் கட்டிலில் கிடந்த மாளிகாவத்தை முஸ்லிம் அண்ணன், எல்லோருக்கும் அவர் நானா, எனக்கு ஒன்றைச் சொல்லிவைத்தார்.

"மகன், நம்பர் கூடினா வாப்பாவ பைத்தியக்கார வார்டுக்கு அனுப்பிருவாங்க. அங்க போன ஆள் திரும்பி வந்தத நான் காணல்ல."

விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் நம்பினேன்.

"அப்பா, இது எந்த இடம்?"

"சாமான் கிடங்கு. மூட்டையப் பிடியடா, நனையுது."

ஆஸ்பத்திரி என்கிறார் என்று தாதியிடம் சொன்னேன். மாதங்கள்தான் சிக்கல். பன்னிரண்டு சொல்லாவது அவர் வாயிலிருந்து வர வேண்டுமே.

"அப்பா, கொஞ்சம் நீட்டிக் கதையுங்கோ."

"அரிசி, உப்பு, வெங்காயம், அரிசி, உப்பு…" என்று அவர் சுமை இறக்க ஆரம்பித்தார். அதை நான் டிசம்பரில் தொடங்கி ஜனவரி வரை மாற்றிக் கொடுத்தேன். நானா போர்வையைக் கடித்துக்கொண்டு சிரித்தார். தாதி பூச்சியம் போட்டார். இரண்டு நாள் எல்லாம் பூச்சியம்.

அதற்கடுத்த நாள் பின்னேரம் ஒரு தமிழ் டொக்டர் அக்கா தானே வந்து குனிந்து கேட்டார்.

"ஐயா, இது எந்த இடம்?"

"தள்ளி நில்லும் பிள்ளை. மூட்டை சரியப்போகுது."

அவர் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இவ்வளவும் அப்பா சொன்னதோ, நீர் சொன்னதோ?"

"அப்பாதான்."

நானா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டொக்டர் தாதியிடம் சிங்களத்தில் பேசினார். எங்கோ கிருமி ஏறியிருக்கிறது, எண் கூடியிருந்தால் அன்றைக்கே தேடியிருப்போம், இரண்டு நாள் வீணாகிவிட்டது என்றார். எனக்குச் சிங்களம் விளங்கும் என்பது அவருக்கு மறந்துவிட்டது போலும். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குக் காலமை எட்டு மணிக்குக் கட்டாயம் நில்லும். உம்மட்ட ஒண்டு கேக்கோணும்."

பொலிஸ்தான் என்று முடிவு செய்தேன். போத்தலில் தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லிப் படியிறங்கினேன்.

அப்பா பிழைத்தார்; அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் வீட்டுக்கு வர மூன்று வாரம் பிடித்தது. இடையில் என்னைத் தேடினாரா என்று நான் ஒருபோதும் விசாரித்ததில்லை.

அதன்பிறகு எனக்குப் பல ஊர், பல வேலை. ஒரு முதியோர் இல்லத்தில் கொஞ்சக் காலம் நின்றபோது அதே மாதிரியான தாள் என் கைக்கு வந்தது. அதில் ஒரு கேள்வி நோயாளியிடம் கேட்பதற்கல்ல. அவரை முன்பே அறிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்: இவர் எப்போதும் இப்படித்தானா, திடீரென்று மாறினாரா? அப்பாவைப் பற்றி அதைச் சொல்லக் கொழும்பில் ஒரே ஒருவன்தான் இருந்தான். டொக்டர் அக்கா நிற்கச் சொன்ன அந்தக் காலை எட்டு மணிக்கு அவன் வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில், சம்பளம் என்னவென்றுகூடக் கேட்காமல், இடியப்பத் தட்டுகளைக் கழுவத் தொடங்கியிருந்தான்.