மலேசியாவுக்கு மட்டும் கேட்கும் மகள்

என் மகள் சென்னையில் உட்கார்ந்து பேசுவாள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கேட்கும், கள்ளக்குறிச்சியில் கேட்காது. இதை எனக்குப் புரியவைக்க அவள் மூன்று முறை போன் செய்ய வேண்டியிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறவள். ஆனால் இந்த எல்லை எந்த வரைபடத்திலும் இல்லை.

ஒரு வெளிநாட்டு விளையாட்டுச் சேனல் நாடு நாடாகக் கால்வைத்து வருகிறது. ஆஸ்திரேலியாவில் நடக்கும் பெண்கள் கால்பந்துப் போட்டியை ஒளிபரப்பும் உரிமையை மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வாங்கியிருந்தது. அங்கே தமிழர்கள் இருப்பதால் தமிழிலும் வர்ணனை. நம் நாட்டுக்கான உரிமை வேறொரு கம்பெனியிடம். அவர்கள் தமிழில் போடுவதில்லை. தமிழ் வர்ணனைக்கு அந்த வெளிநாட்டுச் சேனல் மகளுக்கு ஒரே ஒரு ஆட்டம் கொடுத்துப் பார்க்குமாம். பிடித்தால் சீசன் முழுவதும் அவள்தான். பிடிக்காவிட்டால் ஒன்றும் இல்லை. இருந்த வேலையை அவள் ஏற்கெனவே விட்டிருந்தாள்.

"அப்ப நான் எப்படிடி கேக்கறது?"

"நீ கேக்காதம்மா. கேக்கறன்னு தெரிஞ்சா எனக்கு வாய் குழறும்."

கேட்காமல் இருக்கிற ஆளா நான்? எங்கள் தெருவில் குடியிருக்கும் பாய் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அவருடைய தம்பிக்கு மலேசியாவில் சாப்பாட்டுக்கடை, சுவரில் பெரிய டி.வி. நான் சொன்னதும் பாய் சிரித்துவிட்டார்.

"இன்னா டீச்சர், இதுக்குப் போயி மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு! தம்பி டி.வி. முன்னால போன வெச்சான்னா முடிஞ்சுது."

"அது தப்பில்லியா பாய்? கம்பெனிக்குத் தெரிஞ்சா அவளுக்கு எதாச்சும்..."

"பெத்தவ புள்ள பேசறத கேக்கறதுக்கு எவன் உரிம விக்கிறது? வாங்க நீங்க."

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு பாய் கடையில் இருந்தேன். மலேசியாவில் தம்பி கடையில் மதியச் சாப்பாட்டு நேரம். பாயின் போனில் வீடியோ கால், தட்டுச் சத்தத்துக்கு நடுவே மகளின் குரல் மெல்லியதாக வந்தது. பாய் போனைத் தூக்கி ஒரு பித்தளைக் குண்டானுக்குள் நிறுத்தினார். "இப்ப கேளுங்க, ஸ்பீக்கரே தோத்துடும்." உண்மைதான். படம் போயிற்று, குரல் கணீரென்று வந்தது. நான் குண்டானுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். பாத்திரம் வாங்க வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

முதல் பாதி முழுக்க அவள் தடுமாறவேயில்லை. பந்து யாரிடம் இருக்கிறது, யார் ஓடுகிறார், எல்லாம் ஒரே மூச்சில். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் மைக் பிடிக்கக் கற்றது கல்வராயன் மலையில். வெள்ளிமலைப் பக்கம் நான் வேலை பார்த்த வருடங்களில், பொங்கலுக்கு அங்கே வாலிபால் போட்டி நடக்கும். மைக் பிடிப்பவர் ஆட்டத்தை மட்டும் சொன்னால் போதாது. பரிசு கொடுத்தவர், தொலைந்த சாவி, அம்மாவைத் தேடும் குழந்தை என்று எல்லாமே அவர் பொறுப்பு. மைதானத்தை ஒட்டி இருப்பது ஒரே ரோடு. வந்தவர்கள் எல்லோரும் பைக்கை அதில்தான் நிறுத்துவார்கள். பஸ் வந்து ஹாரன் அடிக்கும்போதெல்லாம் என் மகள் ஒரு அறிவிப்பு கொடுப்பாள்.

இரண்டாம் பாதியில் ஒரு பெண் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாளாம். அவளைத் தூக்கிப் போக ஒரு வண்டி மைதானத்தை நோக்கி வந்திருக்கிறது. குண்டான் அதிர மகளின் குரல் வந்தது:

"வழியில பைக் நிறுத்துனவங்க தயவுசெஞ்சு எடுத்துடுங்க, வண்டி உள்ள வரணும்!"

மலேசியாவில் கடையே சிரித்தது. பாயின் தம்பி கத்துவது கேட்டது. "அண்ணே, இங்க ஒருத்தரு கைகூட கழுவாம வெளிய ஓடறாரு, பைக்க எடுக்க!"

அத்தோடு இணைப்பு அறுந்தது. பாய் கல்லாமேல் கவிழ்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வேறு. போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் தோன்றியது. திரும்பக் கூப்பிட்டால் தம்பி எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

"கேட்டியா?"

"இல்லியே."

"பொய். கேக்கலன்னா எடுத்ததும் எப்படிடி போச்சுன்னுதான கேட்டிருப்ப?"

"சரி, கேட்டேன். அந்த பைக்கு..."

"வண்டிய பாத்ததும் வாய் தானா சொல்லிடுச்சும்மா. வெளிநாட்டு ஹெட் ஆபீஸ்ல அதுக்கு இங்கிலீஷ்ல அர்த்தம் எழுதித் தரச் சொன்னாங்க."

"எழுதினியா?"

"எழுதினேன். மைதானத்துக்குள்ள பைக் எப்படி வந்துச்சுன்னு ரெண்டு தடவ கேட்டாங்க."

"அப்புறம் இன்னாடி ஆச்சு? சொல்லித் தொலையேன்!"

"சீசன் முழுக்க நான்தான். மத்ததெல்லாம் நல்லாப் பேசினேனாம். பைக்க மட்டும் மறந்துடணுமாம். சனிக்கிழம அடுத்த ஆட்டம். அதுலேருந்து இலங்கையும் சேருது. நம்ம ஊருக்கு இன்னும் இல்லம்மா."

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கடைவீதிக்கு ஓடினேன். பாய் அந்தக் குண்டானைக் கல்யாண வீட்டுக்காரர் ஒருவருக்குத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அத விக்காதீங்க பாய்!" என்று ரோட்டிலிருந்தே கத்தினேன். "சனிக்கிழம வேணும்!"