பச்சை டிக்கை நம்பாதவர்

செரீமா முதலில் ஒரு தப்பை ஒளித்துவைப்பார். நிரலைச் சோதிக்கும் புதுக் கருவி எது வந்தாலும் இதுதான் நடக்கும். யார் கண்ணிலும் படாத ஓரிடத்தில் கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்றிவிட்டு, கையில் மரவள்ளிக்கிழங்குத் துண்டோடு நாற்காலியில் சாய்ந்துகொள்வார். "எங்க, கண்டுபிடி பாப்போம்." கருவி கண்டுபிடித்தால் மறுநாளும் அதற்கு வேலை உண்டு. எல்லாம் சரி என்று பச்சை டிக் காட்டினால், "பொய் சொல்லுது. தூக்கு."

தீவு நாட்டுத் தலைநகர் சூவாவின் வாலு விரிகுடாவில், கப்பல் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஏழு பேர். தீவுக் கப்பல்களில் ஏறுகிறவர்களின் பெயரைப் பதியும் செயலி எங்களுடையது. கப்பல் ஏணியடியில் நின்று கைபேசியில் பெயரைத் தட்டினால் அது எங்கள் கணினி வழியாகத் துறைமுக அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். கடலில் ஏதாவது ஆகிவிட்டால், யார் யாரைத் தேடுவது என்பதற்கு அந்தப் பட்டியல்தான் ஆதாரம்.

செரீமாவுக்கு ஐம்பத்தொரு வயது. கண்டாவுத் தீவுக்காரர். பம்மென்று நிற்கும் முடிக்குள் எப்போதும் இரண்டு பென்சில் செருகியிருக்கும். அவர் மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். இந்த வேலைக்கு வருமுன் பதினான்கு வருடம் விமான நிலையத்தில், தொலைந்த பெட்டிகளுக்கான மேசையில் இருந்தவர். "பெட்டியக் காணோம்னு ஒருத்தர் வந்து நின்னா, பெட்டின்னு ஒண்ணு இருந்திருக்கு. அங்கதான் ஆரம்பிக்கணும்" என்பார்.

அதனால்தான், கப்பல் கணக்கர் இசிகேலி இரண்டாவது தடவையாக போன் செய்தபோது அவர் மட்டும் எழுந்து உட்கார்ந்தார். ஆட்களை எண்ணினால் ஒன்று கூடுகிறது, பட்டியலில் ஒன்று குறைகிறது என்றார் இசிகேலி.

பிரனில்தான் நிரலை எழுதியவர். அவர் சிரித்தார். "அந்த மனுஷனுக்கு எண்ணத் தெரியலக்கா. என் மெஷின்ல சரியாத்தான் ஓடுது."

"அப்ப உன் மெஷினக் கப்பல்ல ஏத்தி அனுப்பு."

இசிகேலியின் கப்பலில் வெள்ளோட்டம் பார்க்கிற இந்தப் புதுப் பதிப்பு ஒன்றாம் தேதி பதினொரு கப்பல்களுக்கும் போகவேண்டும். முதலாளி அவினேஷுக்கு சிட்னி நிறுவனம் ஒன்றின் சோதனைக் கருவி பிடித்துப்போயிருந்தது. "நானூறு சோதனை, நாலே நிமிஷம், எல்லாம் பச்சை! ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப்போறேன்க்கா."

செரீமா ஒளித்த தப்பை அது கண்டுபிடித்துவிட்டது. ஆனாலும் அவர் விடவில்லை. திரையில் தெரிந்த விற்பனையாளரைக் கேட்டார்: "நடுவுல சிக்னல் போச்சுன்னா?"

"மறுபடி ஓட்டிப் பாக்கும், மேடம்."

"ரெண்டாவது தடவை சரியா வந்தா?"

"பச்சைதான்."

"முதல் தடவை என்ன ஆச்சுன்னு யாரு சொல்லுவா?"

விற்பனையாளர் தண்ணீர் குடித்தார்.

செரீமா தேர்ந்தெடுத்தது இலவசமாகக் கிடைக்கிற ஒன்று. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். கைபேசிக்கும் எங்கள் கணினிக்கும் நடுவில் உட்கார்ந்து, போகிற வருகிற செய்தி ஒவ்வொன்றையும் எழுதிவைக்கும். சொன்ன இடத்தில் சிக்னலை வெட்டும்.

"இதுல பச்சை எங்கக்கா?" என்றார் அவினேஷ்.

"இதுல நடந்தது இருக்கும், தம்பி."

"வியாழக்கிழமைக்குள்ள எதாவது காட்டுங்க. இல்லன்னா கையெழுத்துதான்."

செவ்வாய் காலை மழையில் இரண்டு கருவிகளையும் மடிக்கணினிகளில் தூக்கிக்கொண்டு கப்பலுக்குப் போனோம். இசிகேலியின் ஊருக்கும் செரீமாவின் ஊருக்கும் கேலி முறை உண்டு. "வா வா. கண்டாவுக்காரங்களுக்கு அரை டிக்கெட் போதும், தலைக்குள்ள சுமை இல்லல்ல."

"உங்க ஊர்ல தேங்காயையும் தலைன்னு எண்ணுறீங்க. அதான் ஒண்ணு கூடுது."

எல்லோரும் ஏறி முடித்ததும் எண்ணினார்கள். நூற்று அறுபத்து மூன்று தலை. பட்டியலில் நூற்று அறுபத்திரண்டு. சிட்னிக் கருவியில் எல்லாம் பச்சை. செரீமா கறுப்புத் திரையில் விரலை வைத்து வரிவரியாக இறங்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது. எட்டு பதினாலுக்கு விலிமைனா என்ற பெயர், நாற்பத்தேழாம் எண்ணோடு போய்ச் சேர்ந்திருக்கிறது. கப்பலின் இரும்புச் சுவர் மறைத்ததால், சேர்ந்துவிட்டது என்ற பதில் மட்டும் திரும்பி வரவில்லை. கைபேசி அடுத்த ஆளுக்கும் அதே நாற்பத்தேழைக் கொடுத்திருக்கிறது. பின்னால் வந்தவர் முன்னவரை அழித்துவிட்டார்.

விலிமைனா மேல்தளத்தில் பாடப்புத்தகப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். பள்ளி ஆசிரியை.

"டீச்சர், பட்டியல்படி நீங்க இந்தக் கப்பல்லயே இல்ல" என்றார் செரீமா.

"அப்ப டிக்கெட் காசத் திருப்பிக் குடுங்க!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். செரீமா சிரிக்கவில்லை. "அந்தப் பக்கம் உங்களுக்காக யாரு காத்திருக்கா?"

"என் பொண்ணுங்க ரெண்டு பேர்."

முடியிலிருந்து பென்சிலை உருவி, அந்தப் பெயரைப் பட்டியலின் அடியில் தன் கையாலேயே எழுதினார்.

வியாழக்கிழமை அவர் வாதாடவே இல்லை. கைபேசியை அவினேஷிடம் நீட்டினார். "உன் பேரப் போடு, தம்பி." போட்டார். பதில் திரும்புமுன் செரீமா சிக்னலை வெட்டி, மறுபடி இணைத்தார். "பிரனில், இப்ப நீ." பட்டியலைத் திறந்தால் பிரனில் இருந்தார். முதலாளியைக் காணவில்லை.

"இன்னொரு தடவை," என்றார் அவினேஷ்.

பத்துத் தடவை செய்தார்கள். பத்திலும் அவர் மறைந்துபோனார். பிரனில் மேசையைப் பார்த்தபடி, "அது நான் எழுதின வரிதான்க்கா" என்றார். செரீமா ஒரு ரொட்டிப் பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளிவைத்தார். "சாப்பிடு. தப்புதான் கையில சிக்கிருச்சுல்ல, சரி பண்ணிரலாம்."

சிட்னிக்காரருக்கு வேண்டாம் என்று கடிதம் போனது. புதுப் பதிப்பு தள்ளிப்போகிறது என்று பதினொரு கப்பல்காரர்களுக்கும் அவினேஷே போன் செய்தார். ஒருவர் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பிரனில் ஒன்பது நாள் உட்கார்ந்து திருத்தினார். அந்த ஒன்பது நாளும் செரீமா சிக்னலை வெட்டிக்கொண்டே இருந்தார்; பெயரின் நடுவில், எண்ணின் நடுவில், பதிலின் நடுவில். கடைசி மூன்று நாளில் ஒரு பெயரும் தொலையவில்லை.

திருத்திய பதிப்போடு முதல் கப்பல் புறப்பட்ட அன்று இசிகேலி தலைகளை இரண்டு முறை எண்ணினார். நூற்று எண்பத்தெட்டு. பட்டியலிலும் நூற்று எண்பத்தெட்டு. "போதுமா, கண்டாவுக்காரி? இறங்கு. இல்லன்னா தீவுக்கு வந்துருவ."

சங்கு ஊதியது. செரீமா அச்சடித்த பட்டியலை வாங்கி, முதல் பெயரில் பென்சில் முனையை ஊன்றி, அதை உரக்கக் கூப்பிட்டபடி மேல்தளத்துக்கு ஏறத் தொடங்கினார்.